மழை ஏமாற்றும் ஊருக்கு ஒரு விதை

கென்யாவில் எத்தனை வகை பரிமாறினாலும் தட்டில் உகாலி இல்லையென்றால் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, மரத்துடுப்பால் விடாமல் கிண்டி, நம்மூர்க் களியைப் போலக் கெட்டியாக இறக்குகிறார்கள். சூடாகப் பிட்டு உருட்டி, கட்டைவிரலால் குழித்து, அந்தக் குழியில் வதக்கிய கீரையை அள்ளிச் சாப்பிடுகிறார்கள். ஒரு கென்யர் ஆண்டுக்குச் சராசரியாக 80 முதல் 100 கிலோ வரை மக்காச்சோளம் உண்கிறார். தமிழ்நாட்டில் விளைவதில் பெரும்பகுதி கோழித்தீவனமாகிறது. பெரம்பலூரில் அறுத்தது நாமக்கல் பண்ணைகளுக்குப் போய்விடும். விலை சரிந்தால் நம் விவசாயிக்கு நட்டம், கடன். கென்யாவில் மக்காச்சோளம் பொய்த்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நாட்டில் புது ரகம் உண்டாக்குவது எப்படிப்பட்ட வேலை என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் நைரோபியிலிருந்து மொம்பாசா நெடுஞ்சாலையில் கிளம்பினோம். துறைமுகத்திலிருந்து உகாண்டாவரை கன்டெய்னர் இழுக்கும் லாரிகளுக்கெல்லாம் இது ஒரே சாலை. ஏறி இறங்கும் நைரோபியின் பசுமை ஒரு மணி நேரத்தில் கழன்றுவிடுகிறது. மச்சாக்கோஸ் பிரிவைத் தாண்டியதும் செம்மண்ணும் வேல மரங்களும் வந்துவிட்டன. இது காம்பா மக்களின் சீமை. குன்றுகளின் சரிவெல்லாம் படிப்படியாக வரப்பு வெட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் தோண்டி, எடுத்த மண்ணை மேட்டுப் பக்கமாக வீசி, வரப்பைத் தானாக உயரவிடும் முறை இது. இதற்கு ஃபான்யா ஜூ என்று பெயர். மழைத்துளி ஒன்றுகூட ஓடிப்போகக்கூடாது என்று தலைமுறைகளாக மண்ணைத் தூக்கிப் போட்டவர்களின் நிலம் அது.

இங்கே ஆண்டுக்கு இரண்டு மழை. மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. காம்பா சீமையில் இரண்டாவது மழையைத்தான் நம்புகிறார்கள். அதுவும் பாதியில் நின்றுபோவது வாடிக்கை.

மச்சாக்கோஸுக்கு அருகில் கட்டுமானி என்ற ஊரில் 1957இல் வறண்ட நிலத்துக்கான மக்காச்சோள ஆராய்ச்சி தொடங்கியது. 1968இல் அங்கிருந்து கட்டுமானி காம்போசிட் பி என்ற ரகம் வெளியானது. வறட்சியைத் தாங்குவதைவிட வறட்சிக்கு முந்திக்கொள்வது அதன் வழி. மழை நிற்பதற்குள் பூத்துக் கதிர் பிடித்துவிடும். வீரிய ஒட்டுரகம் அல்ல என்பதால் விளைந்த கதிரிலிருந்தே அடுத்த போகத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். விளைச்சல் குறைவுதான். ஆனாலும் கையில் காசில்லாத வீட்டுக்கு அதுவே ஆதாரம். இன்றைக்கும் அந்தப் பக்கத்து மக்கள் அதைக் கட்டுமானி என்றே அழைக்கிறார்கள்.

மக்குவேனி மாவட்டத்தில் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு வீட்டுக்கு என்னை ஆராய்ச்சி நிலையத்தின் களப்பணியாளர் அழைத்துப் போனார். அறுபதை நெருங்கும் அம்மா ஒருவர்தான் அந்த நிலத்துக்கு எல்லாம். சமையல் கொட்டகையில் அடுப்புக்கு மேலே, தோகையோடு கட்டிய கதிர்கள் வரிசையாகத் தொங்கின. புகை பட்டுப் பட்டு மேல்தோகை தேன் நிறத்துக்கு வந்திருந்தது. வண்டு அண்டாமலிருக்க அப்படித் தொங்கவிடுவார்களாம். ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நுனிவரை தோகை இறுக மூடியிருக்கிறதா பார் என்றார். நுனி திறந்திருந்தால் தண்ணீர் இறங்கும், வண்டு இறங்கும். முற்றியதும் கதிர் தலைகுனிய வேண்டும், அப்போதுதான் மழை வழிந்து போகும். மணி வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் மக்காச்சோளம் என்றால் பஞ்ச காலத்தில் கப்பலில் வந்த நிவாரண தானியம் என்ற நினைப்பு கென்யாவில் இன்னும் போகவில்லை. மணி கெட்டியாகவும் இருக்க வேண்டும். உரலில் இடித்து உமியை நீக்கி, பயறோடு வேகவைக்கும் முத்தொகோய் இந்தச் சீமையின் உணவு. மாவுபோல் உடைந்துவிடும் மணி அதற்கு ஆகாது.

ஒரு ரகத்தை அளக்க அவர் வைத்திருந்த அளவுகோல்களை எண்ணிப்பார்த்தேன். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது அதில் கடைசியாகத்தான் வந்தது. அதையும் அவர் களப்பணியாளரிடம் கேள்வியாகத்தான் கேட்டார்: “நல்ல மழை பெய்தால் இத்தனை மூட்டை என்று பொட்டலத்தில் போடுகிறீர்கள் தம்பி. மழை பாதியில் நின்றுபோனால் எத்தனை மூட்டை?”

அந்தக் கேள்விக்கு விடை தேடுகிற இடம் கிபோக்கோ. நைரோபியிலிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கென்ய வேளாண், கால்நடை ஆராய்ச்சி நிறுவனமான கால்ரோவின் நிலையம் அது. மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையமான சிம்மிட்டும் அங்கேதான் வேலை செய்கிறது. தெற்கே சியூலு குன்றுகள் நீலமாகத் தெரிகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த இடத்தில் மழை பெய்யாது. அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல்கள். ஒன்றில் பாசனம் தவறாமல் போகிறது. மற்றதில் பூக்க ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும்போதே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் வயலைக் காயப்போடுவது என்போமே, அதை இங்கே அளந்து செய்கிறார்கள். இரண்டு வயலிலும் அதே ரகங்கள், அதே வரிசை. நான் போனபோது காயப்போட்ட வயலில் இலைகள் முறுக்கிக்கொண்டு கூராக நின்றன. அதற்குள் நுழைந்து நடந்தால் தாள் உரசுவது போன்ற ஓசை.

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில் கொண்டையாக இருக்கிறது. பெண் பூ தண்டின் நடுவில் இளங்கதிராக இருக்கிறது. கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணிக்குப் போகிறது. மகரந்தம் அந்த இழையில் விழுந்து இறங்கினால் அந்த மணி பிடிக்கும். இல்லையென்றால் அந்த இடம் பொக்கை. தண்ணீர் இருக்கும்போது மகரந்தம் உதிர்வதும் இழை வெளிவருவதும் ஓரிரு நாள் இடைவெளியில் நடந்துவிடும். வறட்சியில் கொண்டை தன் நாளுக்குப் பூத்துவிடுகிறது. இழையோ வளரத் தண்ணீரில்லாமல் உள்ளேயே தங்கி, ஒரு வாரம் கழித்து எட்டிப்பார்க்கும். அதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும். வறண்ட ஆண்டில் நம்மூர் வயல்களிலும் கதிரை உரித்தால் பல் விழுந்ததுபோல் மணிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விளைச்சல் மிஞ்சும் என்பதைக் கண்டு, அதையே தேர்வுக்கு அடையாளமாக வைத்து சிம்மிட் விஞ்ஞானிகள் 1970களில் மெக்சிகோவில் வேலையைத் தொடங்கினார்கள். கிரெகரி எட்மீட்ஸ் அதில் பல ஆண்டுகள் உழைத்தவர். 1990களில் மரியான் பென்சிகர் ஜிம்பாப்வேயிலிருந்து அந்த முறையை ஆப்பிரிக்க வயல்களுக்குக் கொண்டுவந்தார். வறட்சியோடு உரப் பற்றாக்குறையையும் சேர்த்துச் சோதித்தார், ஏனென்றால் ஏழை விவசாயியின் நிலத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 2007இல் ஆப்பிரிக்காவுக்கான வறட்சி தாங்கும் மக்காச்சோளத் திட்டம் 13 நாடுகளில் தொடங்கியபோது, அதன் அடித்தளம் இவர்களின் வேலைதான்.

எனக்கு இதில் மனம் நிறைந்தது வேறொரு காரணத்தால். அதுவரை உலகெங்கும் பெரும்பாலான ஆராய்ச்சி நிலையங்கள் நல்ல மண்ணில், நல்ல தண்ணீரில், நிறைய உரத்தில்தான் ரகங்களைத் தேர்ந்தெடுத்தன. அங்கே முதலில் வந்தது எங்கும் முதலில் வரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஏழையின் வயலில் பலிக்கவில்லை. வயலை வேண்டுமென்றே வாடவிட்டு, அதில் எது பிழைக்கிறது என்று பார்க்கத் துணிந்தபோதுதான் விஞ்ஞானம் அந்த அம்மாவின் கேள்விக்குச் செவிகொடுத்தது.

காயப்போட்ட வயலில் ஒரு பணிப்பெண் வரிசை வரிசையாகப் போய்க் கொண்டை பூத்த நாள், இழை வந்த நாள் இரண்டையும் ஏட்டில் குறித்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான வரிசைகளில் பெரும்பாலானவற்றில் இழையைக் காணோம். ஒரு வரிசையில் மட்டும் எல்லாச் செடியிலும் வெளிர்பச்சை இழை விரலளவு வந்து, அதன் மேல் மஞ்சள் மகரந்தத் தூசி படிந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் செடிகளில் ஒன்றின் தண்டை இரண்டு விரலால் தட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

ஒட்டுரகம் உண்டாக்க முதலில் கலப்பில்லாத பெற்றோர் வேண்டும். ஒரு செடியின் மகரந்தத்தை அதன் கதிருக்கே போட்டு, அப்படி ஆறேழு தலைமுறை செய்தால்தான் தூய வரிசை கிடைக்கும். 2013இல் கிபோக்கோவில் திறந்த கூடத்தில் அதை இரண்டே போகத்தில் முடிக்கிறார்கள். நான் அங்கே அதிக நேரம் நின்றது விதை பிரிக்கும் மேசையருகில்தான். தூண்டும் தன்மையுள்ள ஒரு சிறப்பு வரிசையின் மகரந்தத்தைப் போட்டால், விழும் விதைகளில் நூற்றுக்கு எட்டோ பத்தோ தாயின் ஒற்றைப் பங்கு குரோமோசோமை மட்டும் கொண்டிருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க அந்த மகரந்த வரிசையில் ஊதா நிற மரபணு ஒன்றை வைத்திருக்கிறார்கள். மணியின் தலையும் ஊதா, முளைக்கருவும் ஊதா என்றால் சாதாரண விதை, தள்ளிவிடலாம். தலை ஊதா, முளைக்கரு வெள்ளை என்றால் அதுதான் வேண்டியது. பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு மணியையும் புரட்டிப் பார்த்து இரண்டு தட்டில் போடுகிறார்கள். நானும் ஒரு பிடி வாங்கிப் பார்த்தேன். முளைக்கருவில் நகக்கண் அளவுக்கு மங்கலான ஊதா தெரிகிறதா இல்லையா என்று தீர்மானிப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெண் ஒரு குவியலை முடித்துவிட்டார்.

பிரித்த விதைகளை முளைக்கவைத்து, முளைநுனியைச் சற்று நறுக்கி, கோல்ச்சிசின் கரைசலில் ஊறவைக்கிறார்கள். அந்த மருந்து குரோமோசோம்களை இரட்டிப்பாக்குகிறது. பிழைத்து வளர்ந்து விதை கொடுக்கும் செடி முழுத் தூய வரிசையாக இருக்கும். கோல்ச்சிசின் கொடிய நஞ்சு, கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போவதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒட்டன்சத்திரமும் மூலனூரும் நினைவுக்கு வந்தன. கோல்ச்சிசின் தரும் செடிகளில் ஒன்று நம் மாநிலப் பூவான செங்காந்தள். கண்வலிக் கிழங்கு என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் பந்தல் போட்டு வளர்த்து, விதையை மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். அதே கொடி கென்யாவின் புதர்களிலும் தானாக வளர்கிறது.

வெளியே வலைக்கூடங்கள். உள்ளே மக்காச்சோளத்தின் குருத்தில் படைப்புழுக் குஞ்சுகளைத் தாங்களே கொண்டுவந்து விட்டு, எந்தச் செடி தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்துப் புழுவான அது 2016இல் ஆப்பிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் கென்யாவை அரித்தது. 2018இல் கர்நாடகத்தில் இறங்கி அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பெரம்பலூர்க்காரர்களுக்கு அந்த ஆண்டை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் படைப்புழுவை ஓரளவு தாங்கும் மூன்று ஒட்டுரகங்களை சிம்மிட் ஆப்பிரிக்காவுக்கு அறிவித்தது. மருந்தடிக்காமலேயே தப்பும் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தடிக்க வசதியில்லாதவனுக்கும் பாதிக்கு மேல் மிஞ்சட்டும் என்பதுதான் நோக்கம்.

மதியச் சாப்பாட்டுக்கு மக்கிண்டு போனோம். ரயில்பாதை போட வந்த சீக்கியர்கள் 1926இல் கட்டிய குருத்துவாரா அங்கே இருக்கிறது. அந்த நெடுஞ்சாலையில் போகிற யாரும் உள்ளே வந்து இலவசமாகச் சாப்பிடலாம். லாரி ஓட்டுநர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். சாப்பிட்டபடியே களப்பணியாளர் 2004ஐப் பற்றிச் சொன்னார். அந்த ஆண்டு மக்குவேனி, கிட்டுயி பகுதிகளில் ஈரம் காயாமல் சேமித்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து, அஃப்ளாடாக்சின் நஞ்சால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்துபோனார்கள். வறட்சியில் தவித்த செடியின் கதிரில்தான் அந்தப் பூஞ்சை எளிதாகக் குடியேறுகிறது. பசிக்குப் பயந்து, காயுமுன்னே அறுத்து வீட்டுக்குள் வைத்ததும் ஒரு காரணம். நுனியை மூடிய தோகையைப் பற்றி அந்த அம்மா ஏன் அத்தனை அழுத்திச் சொன்னார் என்பது அப்போது விளங்கியது.

அடுத்து மேற்கே கிட்டாலே. கிரேட் ரிஃப்ட் பள்ளத்தாக்கைக் கடந்து, எல்டோரெட் வழியாக ஏறிப்போனால் வேறு நாட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது. எல்கன் மலை ஒருபக்கம், செரங்கானிக் குன்றுகள் மறுபக்கம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம், கறுப்பும் சிவப்பும் கலந்த ஈரமண், ஆளை மறைக்கும் மக்காச்சோளம். மார்ச்சில் விதைத்தது அக்டோபருக்குப் பிறகுதான் அறுவடை. காம்பா சீமையில் இரண்டு போகம் போய்விடும் காலத்தில் இங்கே ஒரு போகம்.

கென்யாவின் ஒட்டுரக வரலாறு தொடங்கியது இந்த மண்ணில்தான். 1955இல் மைக்கேல் ஹாரிசன் என்ற பயிர் விஞ்ஞானி கிட்டாலேயில் வேலையைத் தொடங்கினார். வெள்ளைக் குடியேறிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து பல ஆண்டுகளாக அங்கே விளைந்த மக்காச்சோளத்திலிருந்து கிட்டாலே சிந்தெடிக் 2 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அதற்கு மேல் அந்த இனத்தில் எடுக்க அதிகமில்லை. ஹாரிசன் லத்தீன் அமெரிக்கா போய், அங்குள்ள மலைநாட்டு ரகங்களின் விதைகளைக் கொண்டுவந்தார். அவற்றில் எக்குவடோர் 573 என்று எண்ணிட்ட ஒன்று தனியாகப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கிட்டாலே ரகத்தோடு கலந்தபோது விளைச்சல் ஒரேயடியாக ஏறியது. 1964இல் அது எச் 611 என்ற பெயரில் வெளியானது. பழைய ரகத்தைவிடச் சுமார் 40 சதவீதம் அதிக விளைச்சல். அமெரிக்க மக்காச்சோள மாநிலங்களில் 1930களில் ஒட்டுரகம் பரவிய வேகத்துக்கு மேற்கு கென்யாவின் சிறு விவசாயிகள் சளைக்கவில்லை என்று ஆய்வாளர் ஜான் கெர்ஹார்ட் 1975இல் எழுதினார். புது விதையைப் பழைய முறைக்காரன் ஏற்கமாட்டான் என்று பேசியவர்களுக்கு அந்த வயல்களே பதில். நல்ல விதை, கைக்கெட்டும் தூரத்தில் கடை, விளைந்ததை வாங்க ஆள், இந்த மூன்றும் இருந்தால் எந்த விவசாயியும் இரண்டு போகம் யோசிக்கமாட்டான்.

கிட்டாலே சந்தையில் ஒரு விதைக்கடைக்குப் போனேன். இரண்டு கிலோப் பொட்டலங்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அதிகம் விற்பது எது என்று கேட்டதும் கடைக்காரர் தயங்காமல் எடுத்துப்போட்டது எச் 614 டி. அது வெளியான ஆண்டு 1986. அதை விதைக்கும் பல இளைஞர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அதன் பிறகு எத்தனையோ ரகங்கள் சோதனைகளைத் தாண்டி வெளிவந்தாயிற்று. ஆனாலும் விவசாயி தனக்குத் தெரிந்த பெயரையே கேட்கிறான். விதை நிறுவனத்துக்கும் விற்கிற சரக்கை மாற்ற அவசரமில்லை. புது ரகத்தின் பெற்றோர் விதையைப் பெருக்கவே ஆண்டுகள் பிடிக்கும். போலி விதைக்குப் பயந்து, பொட்டலத்தில் சுரண்டிப் பார்க்கும் ஒட்டுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள எண்ணைக் கைபேசியில் அனுப்பினால் உண்மையா என்று பதில் வரும். அந்தச் சீட்டைப் பார்த்து வாங்கும் பழக்கம் பரவுகிறது. ரகத்தின் வயதைப் பார்த்து வாங்கும் பழக்கம் வரவில்லை. வானிலை மாறிவிட்டது, புது நோய்கள் வந்துவிட்டன. ஆராய்ச்சி நிலையத்தில் பத்தாண்டு உழைத்து உண்டாக்கியது கடையின் அலமாரிக்கு வராமல் நின்றால் அந்த உழைப்பால் யாருக்குப் பயன்? என் பயணம் முழுவதிலும் என்னை வருத்தப்படவைத்த இடம் வறண்ட கிபோக்கோ அல்ல, செழிப்பான இந்தக் கடைத்தெருதான்.

நைவாஷாவைக் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே போய்விட்டு வேறு மக்காச்சோள வயலுக்குள் நேராகக் கால் வைக்கக்கூடாது. 2011 செப்டம்பரில் பொமெட் பகுதியில் மக்காச்சோள இலைகள் ஓரத்திலிருந்து வெளிறி, குருத்து காய்ந்து, கதிர் பிடிக்காமல் வயல் வயலாகச் செத்தன. விஞ்ஞானிகள் தேடியபோது இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் கூட்டுச் சேர்ந்திருந்தது தெரிந்தது. ஒன்று கரும்பிலும் தொற்றக்கூடியது, முன்பே இருந்தது. மற்றது புதிதாக வந்தது. இலைப்பேனும் வண்டும் அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகின்றன, விதை மூலமும் பரவும். தனித்தனியே வந்தால் செடி தாக்குப்பிடிக்கும், இரண்டும் சேர்ந்தால் எழாது. 2012இல் கென்யாவில் மட்டும் சுமார் 77,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியா என்று அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் போனது.

2013 செப்டம்பரில் கால்ரோவும் சிம்மிட்டும் நைவாஷாவில் இந்த நோய்க்கென்றே சோதனை நிலையம் திறந்தன. வாசலில் மேலங்கி மாற்றி, காலணியை மருந்தில் நனைத்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். நோயைத் தாங்களே வளர்த்து, இலைச்சாற்றைக் கரைத்து, நாற்றுகள்மேல் பீய்ச்சுகிறார்கள். பிறகு வாராவாரம் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 1 என்றால் நோயின் சுவடில்லை. 9 என்றால் செடி செத்துவிட்டது. ஆரம்ப ஆண்டுகளில் கென்யாவில் விற்பனையிலிருந்த ரகங்கள் அநேகமாக எல்லாமே இங்கே விழுந்துவிட்டன. வரிசைக்கு வரிசை வைக்கோல் நிறத்தில் நின்ற வயலில், பச்சையாக நின்ற சில வரிசைகளைக் காட்டினார்கள். அந்தப் பச்சைக்கு வேர் தாய்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள கசெட்சார்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய கேஎஸ் 23 என்ற இனத்திலிருந்து வந்த தூய வரிசைகளில் இந்த நோயை எதிர்க்கும் மரபணுப் பகுதி இருப்பது தெரியவந்தது. அந்த வரிசைகளை உண்டாக்கியவர்கள் கென்யாவின் நோயைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். தங்கள் விதையைப் பிறர் கேட்டபோது கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஹாரிசனின் பெட்டியில் வந்த எக்குவடோர் 573ஐ வளர்த்த ஆண்டீஸ் மலை விவசாயியும் அப்படித்தான். பெயர் தெரியாத அவரது கதிரை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கென்யா தின்றுகொண்டிருக்கிறது.

இப்படி நாடு விட்டு நாடு கொடுக்கிற விதைப் பரிமாற்றமும், அதைச் சோதிக்கிற பொதுப் பணமும் இருக்கும்வரைதான் அடுத்த நோய்க்கு அடுத்த மருந்து கிடைக்கும். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டை மூடியபோது, அதன் பணத்தில் ஓடிய வேளாண் ஆராய்ச்சிகள் பல அடிவாங்கின, சிம்மிட்டும் தப்பவில்லை. தனியார் நிறுவனங்கள் நல்ல ரகங்களை உண்டாக்குவதை நான் மறுக்கவில்லை. நல்ல மழையும் வாங்கும் சக்தியும் உள்ள கிட்டாலேக்கு அவர்கள் ஓடிவருவார்கள். மழை பொய்க்கும் மக்குவேனிக்கு, போகத்துக்கு ஒரு பொட்டலம்கூட வாங்கத் திணறும் ஒரு அம்மாவுக்காக, வயலை வாடவிட்டுப் பத்தாண்டு காத்திருக்க அரசும் பொது நிறுவனங்களும் இல்லாமல் யார் வரப்போகிறார்கள்?

தமிழ்நாட்டில் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த போகத்துக்கு விதை வாங்கப் போகும்போது விலையையும் விளைச்சலையும் கேட்பதோடு நிற்காதீர்கள். அந்த ரகம் வெளியான ஆண்டு எது, தண்ணீர் குறைந்த சோதனையில் அது எத்தனை மூட்டை கொடுத்தது என்ற இரண்டையும் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், பக்கத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.